இருட்டு வேண்டாத திரை

மன்னாரின் கலை வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் மாதோட்டத்துப் புலவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் கூத்து மரபுகளின் வேறுபாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம்' 1964இல் அச்சேறியதால், அதுவரை ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் மட்டும் இருந்த ஒரு செல்வம் நமக்கு மிஞ்சியது. ஆனால் அந்தக் கூத்துகள் எந்த வெளிச்சத்தில் ஆடப்பட்டன, எந்த இருட்டில் பார்க்கப்பட்டன என்பதை எவரும் தனியே எழுதி நான் கண்டதில்லை.

இது சிறு விடயம் போலத் தோன்றலாம். ஆனால் இன்று வடக்கின் பெருவிழாக்களிலும் கலியாண மண்டபங்களிலும் அரசியல் மேடைகளிலும் எல்.ஈ.டி திரை ஒரு புதுமையே அல்ல என்றாகிவிட்ட நிலையில், அந்தச் சிறு விடயம் பெரிதாகிறது. ஊரோடு கூடியிருந்து ஒரு காட்சியைப் பார்ப்பதற்கு நம் மக்கள் எப்போதும் இருட்டையே நம்பியிருந்தார்கள். அந்தத் தேவையை நீக்கி, ஊர் மட்டம்வரை வந்து சேர்ந்த முதற் சாதனம் எல்.ஈ.டி திரைதான். இலங்கைப் பாடநூல்கள் எல்.ஈ.டி என்பதை 'ஒளிகாலும் இருவாயி' என்று தமிழ்ப்படுத்தியுள்ளன. அழகான சொல். அந்த இருவாயி மன்னார்க் கரைக்கு எவ்வழியே வந்தது, வரும்போது எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுபோகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பந்தமும் கூடாரமும்

கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. பகல் வெயிலில் மணற்பரப்பில் எவரும் உட்கார்ந்திருக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அரசன் வேடக்காரனின் உடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகளும் சரிகையும் பகலில் வெறும் கண்ணாடி, வெறும் சரிகை. தீப்பந்தத்தின் அசையும் சுடரில்தான் அவை ஒரு பேரரசனின் ஆபரணங்களாயின. பின்னர் பெற்றோமக்ஸ் விளக்கு வந்தது. வெளிச்சம் வெண்மையாகி நிலைத்து நின்றது. ஆனாலும் சுற்றிலும் இருட்டு இருந்தது. அந்த வட்ட வெளிச்சத்தின் எல்லையே மேடையின் எல்லை. பேசாலையில் பாவைகளைக் கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டிய உடக்குப்பாஸ் மரபையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். மரப்பாவை ஒன்று உயிர்பெறுவதற்குப் பார்ப்பவரின் பக்தி பாதி, விளக்கொளியின் நிழலாட்டம் மீதி.

சினிமா வந்தபோது இருட்டின் தேவை இன்னும் கூடியது. 1905இல் திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார் என்பது தமிழ்ச் சினிமா வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அவருக்குப் பின் பெருகிய கூடாரக் கொட்டகைகளை நாம் நடமாடும் திரையரங்குகள் என்கிறோம். உண்மையில் அந்தக் கூடாரம் சுமந்து சென்றது இருட்டைத்தான். படக்கருவியும் துணியும் மட்டும் போதாது. அந்திக் கருக்கலுக்குப் பிறகும் நிலவையும் தெருவிளக்கையும் தடுத்துநிறுத்த ஒரு மறைப்பு வேண்டும். பொழுது சாய்ந்த பின்னரே முதற்காட்சி என்பது அந்தத் தொழிலின் விதி.

இதன் பின்னால் எளிய கணக்கொன்று இருக்கிறது. நல்ல திரையரங்கில் வெண்திரையின் பிரகாசம் ஒரு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா இருக்க வேண்டும் என்பது உலகத் தொழில்முறை அளவு. உச்சி வெயிலில் காயப்போட்ட வெள்ளை வேட்டியோ ஏறத்தாழ 30,000 கண்டெலாவில் கண்ணைக் கூசவைக்கும். அந்த வேட்டியின்மீது படக்கருவி ஒளி பாய்ச்சினால் என்ன ஆகும்? கடலில் ஒரு குடம் நீரை ஊற்றிய கதைதான். படக்கருவியால் வெளிச்சத்தைக் கூட்ட முடியும். கறுப்பை உண்டாக்க முடியாது. திரையில் நாம் காணும் கறுப்பு, உண்மையில் அரங்கின் இருட்டு.

வேண்டாத இருட்டு

மன்னார் மக்களுக்கு இருட்டு எப்போதும் கலைக்கு உதவும் இருட்டாகவே இருந்துவிடவில்லை. 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது நாட்டின் பல வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. வடக்கில் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் திரும்பியிருந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். 1995இல் இராமேஸ்வரத்தில் எழுந்த 323 மீற்றர் உயரமான தூரதர்ஷன் கோபுரத்தின் அலைகளுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. 1914இல் தொடங்கிய தலைமன்னார்க் கப்பற் பயணம் 1984இல் நின்றுபோனது. ஆட்கள் போய்வர முடியாத கடலைப் படங்கள் கடந்துவந்தன.

ஆனால் பெட்டி இருந்தால் போதுமா, மின்சாரம் வேண்டாமா? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள், வடமாகாணத்தின் ஏனைய முஸ்லிம்களோடு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி போன்ற பழம்பெரும் ஊர்கள் ஒரு சில நாள்களில் வெறிச்சோடின. தீவு இராணுவத்தின் கையிலும் பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளின் கையிலுமாகப் பிரிந்து கிடந்த அந்த ஆண்டுகளில், பொருளாதாரத் தடை பெருநிலத்தின் மண்ணெண்ணெயையும் பற்றரியையும் பறித்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கே பிள்ளைகளின் படிப்பு விளக்கு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள்.

அந்தக் காலத்தின் கூட்டுக் காட்சி என்றால் அது வாடகை வீடியோதான். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனறேற்றர் மூன்றும் ஓரிரவுக்கு ஒன்றாக வாடகைக்கு வரும். முற்றத்தில் பாய்கள் விரியும். ஒரே இரவில் மூன்று படங்கள். ஜெனறேற்றரின் இரைச்சலில் வசனம் பாதி கேட்காது. எண்ணெய் தீர்ந்தால் கதை பாதியில் நிற்கும். பெருநிலத்தில் புலிகளின் நிதர்சனம் பிரிவு எடுத்த காணொளிகளும் இதே வகையில் ஊர்களுக்கு வந்தன. திரையை யார் கொண்டுவருகிறார் என்பதே அதில் என்ன காட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கும் என்ற பாடத்தை நம் மக்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள். இந்தப் பாடம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நீலம் வந்த கதை

மன்னார் இப்படி இருட்டில் கிடந்த அதே ஆண்டுகளில், ஜப்பானின் தொகுஷிமா என்ற ஒதுக்குப்புற மாகாணத்தில் நிச்சியா என்னும் நடுத்தர நிறுவனத்தின் பொறியியலாளர் சூஜி நக்கமுரா ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சிவப்பு ஒளிகாலும் இருவாயியை அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் 1962இலேயே செய்துவிட்டார். மங்கலான பச்சையும் கிடைத்தது. ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தான் எல்லா நிறங்களும் பிறக்கும். அந்த நீலம் முப்பது ஆண்டுகள் எவர் கைக்கும் அகப்படவில்லை. இசாமு அகசாக்கியும் ஹிரோஷி அமனோவும் நகோயாவில் அடித்தளம் இட்டனர். 1993இல் நிச்சியா பிரகாசமான நீல இருவாயியை அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் பிரகாசமான பச்சையும் வந்தது. இம்மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

வெட்டவெளித் திரைகள் அதற்கு முன்னரும் இருந்தன. 1980இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் டொட்ஜர் விளையாட்டரங்கில் மிற்சுபிஷி நிறுவனம் நிறுவிய திரையும், 1985இல் ஜப்பானின் சுக்குபா கண்காட்சியில் சோனி காட்டிய 40 மீற்றர் அகல ஜம்போட்ரோனும் பகலில் தெரிந்தன. ஆனால் அவை சிறு சிறு படக்குழாய்களை அடுக்கிச் செய்த இராட்சதப் பெட்டிகள். ஒரு கட்டடத்தைப் போலக் கட்டி எழுப்ப வேண்டும். செல்வந்த நாடுகளின் விளையாட்டரங்குகளைத் தாண்டி அவற்றால் வர இயலவில்லை. நீலம் கிடைத்த நான்காம் ஆண்டில், 1997இல், அயர்லாந்தின் யூ2 இசைக்குழு தன் உலகச் சுற்றுலாவில் அந்நாளின் மிகப் பெரிய எல்.ஈ.டி திரையை ஊர் ஊராகக் கழற்றிக் கட்டிக் கொண்டுசென்றது. பெருந்திரை கட்டடமாக இருந்த நிலை மாறி, லொறியில் ஏறும் சரக்கானது அப்போதுதான்.

இதன் இயக்கம் படக்கருவிக்கு நேர்மாறானது. இங்கே திரையே ஒளிர்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று இருவாயிகள். அவற்றின் முகப்பு கரிய நிறம், வெயிலை விழுங்கிக்கொள்ளும். வெளியரங்கத் திரைகளில் ஒவ்வொரு புள்ளி வரிசைக்கும் மேலே தாழ்வாரம் போல ஒரு சிறு விளிம்பும் இருக்கும். பிரகாசமோ சதுர மீற்றருக்கு 5,000 கண்டெலாவுக்கு மேல், அதாவது திரையரங்கின் நூறு மடங்கு. ஆகவே இந்தத் திரைக்கு மாலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. அது தன் கறுப்பைத் தானே கொண்டுவருகிறது.

லொறியில் வரும் சுவர்

சீனாவின் சென்சென் நகரத் தொழிற்சாலைகள் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது. இன்று வாடகைக்கு வரும் திரை, பெரும்பாலும் அரை மீற்றர் நீள அகலமுள்ள சட்டங்களின் தொகுப்பு. ஒரு சட்டத்தை ஒருவர் ஒரு கையால் தூக்கலாம். நான்கு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம் உள்ள திரைக்கு 48 சட்டங்கள். மூன்று நான்கு இளைஞர்கள் சில மணி நேரத்தில் பூட்டி முடித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் தொலைக்காட்சியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்குக் கொடுத்த தொழிலின் பேரப்பிள்ளை இது என்றே சொல்லலாம்.

இத்துறையினர் பேசும்போது எடுத்ததும் 'பி' என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் சொல்வார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலான தூரம் எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான் அந்த எண். பி10 என்றால் ஒரு சதுர மீற்றரில் 10,000 புள்ளிகள். பி2.5 என்றால் 1,60,000. எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மீற்றர் தூரத்திலாவது நின்று பார்க்க வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. கோயில் வீதிக்குப் பி10 போதும், மண்டபத்துக்குள் பி2.5 வேண்டும். இப்போது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் புள்ளிகளை நெருக்கும் போட்டி நடக்கிறது. சம்சுங் 2018இல் காட்டிய 'த வோல்' என்ற மைக்ரோ எல்.ஈ.டி திரை அதன் முன்னோடிகளில் ஒன்று. ஹொலிவூட்டில் 2019இல் வெளிவந்த 'த மண்டலோரியன்' தொடரோ, வெளிப்புறக் காட்சிகளையே எல்.ஈ.டி சுவர்களுக்குள் எடுத்துக் காட்டியது.

நம்மூர் மேடைகளிலும் அதே மாற்றம் வேறு உருவில் நிகழ்ந்திருக்கிறது. முன்னர் நாடகத்துக்கு அரண்மனை, காடு, தெரு என்று தீட்டிய 'சீன்' திரைகள் கட்டினார்கள். இன்று பின்னணியில் எல்.ஈ.டி சுவர். அரண்மனை வேண்டுமானால் அரண்மனை, கடல் வேண்டுமானால் அலையடிக்கும் கடல். ஆனால் தீட்டிய திரை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நடிகனின் பின்னே அடங்கி நின்றது. எல்.ஈ.டி சுவரோ தானே விளக்கு. அதை முழுப் பிரகாசத்தில் விட்டால் முன்னே நிற்பவரின் முகம் நிழலாகிவிடும். பந்தத்தில் மின்னிய கண்ணாடித் துண்டு அதன் முன்னால் மின்னாது. அனுபவமுள்ள ஒளியமைப்பாளர் மேடைக்குப் பின்னுள்ள சுவரைப் பத்திலொரு பங்குக்குக் குறைத்துவிடுவார். அனுபவமற்றவர் முழுவதையும் திறந்துவிடுவார். காசு கொடுத்த திரை பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா!

நன்மையையும் சொல்லியாக வேண்டும். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுமாதாவின் சந்நிதிக்கு வந்தார். போரில் உறவுகளை இழந்தவர்களும் அங்கே கூடியிருந்தனர். அது பகல்நேர நிகழ்வு. அத்தகைய கடல் போன்ற கூட்டத்தில் முன்வரிசை யாருக்குக் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். பின்வரிசையில், மர நிழலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கும் மேடையில் இருப்பவரின் முகத்தைக் காட்டக்கூடிய கருவி இந்தத் திரை ஒன்றே. கூத்துக் களரியில் எல்லோரும் சமதூரத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெருங்கூட்டம் அந்தச் சமத்துவத்தைக் கெடுத்தது. எல்.ஈ.டி திரை அதை ஓரளவு மீட்டுத் தருகிறது. இதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது.

இருட்டு யாருடைய சொத்து?

ஆனால் இருட்டை வேண்டிய திரைக்கு ஒரு பணிவு இருந்தது. அது நம்மைக் கூப்பிட்டது, நாம் போனோம். பாயை விரித்தோம், விளக்கை அணைத்தோம். பார்ப்பது என்பது நாம் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு. இருட்டு வேண்டாத திரை நம் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. வீதியில் போகிறவரின் கண்ணுக்குள்ளும், பக்கத்து வீட்டின் படுக்கையறைக்குள்ளும் அது தானாகவே நுழைகிறது.

இது கிராமத்தவரின் பழைமைவாதம் அல்ல. யூ2 குழுவே 2023 செப்ரெம்பரில் திறந்துவைத்த லாஸ் வேகாஸ் நகரின் 'ஸ்பியர்' உருண்டை அரங்கின் வெளிப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 54,000 சதுர மீற்றர் எல்.ஈ.டி பரப்பு இருக்கிறது. அதுபோன்ற ஒன்றைக் கிழக்கு இலண்டனின் ஸ்ராற்போர்ட்டிலும் எழுப்ப முயன்றார்கள். நம்மவர் பெருமளவில் வாழும் ஈஸ்ற்ஹாமும் அதே நியூஹாம் பகுதியைச் சேர்ந்ததுதான். அங்குள்ள மக்கள் எங்கள் சன்னல்களுக்குள் இந்த வெளிச்சம் வேண்டாம் என்று எதிர்த்தனர். 2023 நவம்பரில் நகர முதல்வர் சாதிக் கான், அந்த வெளிச்சம் குடியிருப்பாளர்களுக்கு விளைவிக்கும் தீங்கையும் காரணமாகக் காட்டித் திட்டத்தை நிராகரித்தார். இருட்டு ஒரு பொதுச் சொத்து என்பதை உலகின் பெருநகரொன்று ஏற்றுக்கொண்ட தருணம் அது.

மன்னாருக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. திரையில் படம் காட்டும் அதே இருவாயிதான் கடலில் மீனை ஏமாற்றும் விளக்காகவும் எரிகிறது. ஒளி பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து வடபகுதிச் சிறு மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இந்திய அரசும் 2017 நவம்பரில் தன் தனிப்பொருளாதார வலயத்தில் எல்.ஈ.டி விளக்குகளால் மீன்பிடிப்பதைத் தடை செய்தது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வந்திறங்குகின்றன. வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை. நியூயோர்க்கில் செப்ரெம்பர் 11 நினைவாக வானத்தில் பாய்ச்சப்படும் ஒளிக்கற்றைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் சுமார் 11 இலட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டதாகக் கணித்தது. விளக்கை அணைத்தபோது அவை தம் வழியே சென்றுவிட்டன.

மின்சாரத்தின் கணக்கும் இருக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 கோபுரங்கள், சுமார் 100 மெகாவாற்று. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பில் கலந்து நாடெங்கும் செல்கிறது. கொழும்பின் விளம்பரத் திரைகளும் அந்த வலையமைப்பில்தான் எரிகின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடே நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருட்டில் கிடந்தபோது, தென்னிலங்கைக்குப் புதிதாகத் தெரிந்த அந்த அனுபவம் மன்னாருக்குப் புதிதல்ல. வெளிச்சம் இல்லாத வாழ்வு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் வெளிச்சத்தை வெறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த வெளிச்சம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.

திரையைக் கொண்டுவருபவரே காட்சியைத் தீர்மானிக்கிறார் என்று மேலே சொன்னேன். போர்க்காலத்தில் அது துப்பாக்கி வைத்திருந்தவர் கையில் இருந்தது. இன்று பெரும்பாலும் விளம்பரதாரர் கையிலும் தேர்தல் வேட்பாளர் கையிலும் இருக்கிறது. திருவிழாத் திரையில் பூசைக்கும் பூசைக்கும் இடையில் நகைக்கடை விளம்பரம் ஓடுவதை நாம் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

எல்.ஈ.டி திரையைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. விழாக் குழுவினர், பங்குச் சபையினர், கோயில் நிர்வாகத்தினர் ஆகியோரிடம் கேட்க வேண்டியவை மூன்றே. பொழுது சாய்ந்ததும் திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். அதற்கான பொத்தான் ஒவ்வொரு திரையிலும் உண்டு, செலவு ஒரு சதமும் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கூத்து ஆடும் இரவில் மேடைக்குப் பின்னால் அந்தச் சுவரைக் கட்டாதீர்கள். எண்டிறிக்கு மன்னனின் முடியில் பதித்த கண்ணாடித் துண்டு மின்னுவதற்கு ஒரு சிறு விளக்கும், அதைச் சுற்றி நிறைய இருட்டும் போதும்.